பேப்பர் தட்டு யாருக்கு?

கிறிஸ்மஸ் காலையில் டோரிஸ் சாப்பாட்டு மேசையில் தட்டுகளை இரண்டாகப் பிரித்து அடுக்கினாள். ஒரு பக்கம் பூப்போட்ட பீங்கான், மறுபக்கம் புதுப் பேப்பர் தட்டு. பேப்பர் தட்டு பக்கத்து வீட்டு மக்சிக் ரோஸ் போன்ற மலாய்க்காரர்களுக்கு. அவர்களுக்கான பிரியாணியும் அப்துல் ஹலீம் கடையிலிருந்து வந்திருந்தது. பன்றிக் கறி பரிமாறிய பீங்கானை முஸ்லிம்களிடம் நீட்டுவது மரியாதையில்லை. உலு திராமின் இந்தத் தாமான் குடியிருப்பில் எல்லோருக்கும் இது தெரியும், யாரும் முகம் சுளிப்பதில்லை. பன்றிக் கறிச் சட்டி அடுப்படியை விட்டு வெளியே வராது.

பத்து வயது ஷர்மைனுக்கு அம்மாவின் இந்தச் சட்டமெல்லாம் தலைகீழ்ப் பாடம். அன்று அவளுக்கு வேறு கவலை. கடைசி வீட்டு நியாங்கை அம்மாவிடம் கேட்காமலே விருந்துக்கு அழைத்துவிட்டாள். மியன்மாரிலிருந்து வந்த குடும்பம். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் இருவருக்கும் ஒரே பெஞ்சு, பேச்செல்லாம் மலாயில். அம்மாவைக் கேட்டிருந்தால் என்ன பதில் வரும் என்று தெரியாதா? "அந்த ஆளுங்களோட ஒட்டாத லா. எத்தன பேரு அங்க படுக்குறாங்கன்னே தெரியல" என்பது டோரிஸின் வாராந்திரப் புலம்பல்.

நியாங்கும் முதலில் மறுத்தாள். இதே தெருவில் ஒரு பிறந்தநாள் வீட்டில் கேக்கை வாசலிலேயே கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். எங்கள் வீட்டில் அப்படி நடக்காது என்று ஷர்மைன் பெரிய மனுஷியாக வாக்குக் கொடுத்திருந்தாள்.

மக்சிக் ரோஸும் மற்றவர்களும் கூடத்தில் சாப்பிடத் தொடங்கியபோது நியாங் சிவப்பு கவுனில் வந்தாள். டோரிஸ் சிரித்தாள், உட்காரச் சொன்னாள். ஆனால் கை நேராகப் பேப்பர் தட்டுக்குத்தான் போனது. தரையில் நாலு வயதுத் தம்பி பிராண்டன் பீங்கான் தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தான். நியாங் அதைப் பார்த்தாள். பிறகு தன் மடியிலிருந்த பேப்பர் தட்டைப் பார்த்தாள். இனி இவள் இந்த வாசலை மிதிக்க மாட்டாள் என்று ஷர்மைனுக்குப் புரிந்துவிட்டது.

"மம்மி, நியாங் முஸ்லிம் இல்ல. நம்ம சர்ச்சுதான்."

"தெரியும் லா. கை தவறி ஒடச்சிருவாளோன்னு பாத்தேன்."

பிராண்டன் இன்னும் ஓங்கித் தட்டினான். அம்மாவிடம் வாதாடி ஜெயித்தவர் அந்த வீட்டில் இல்லை. ஷர்மைன் வாதாடவில்லை. மலாயில், கூடமே கேட்கும்படி, நியாங்கிடம் பன்றிக் கறி சாப்பிடுவாயா என்று கேட்டாள். ரொம்பப் பிடிக்கும் என்றாள் நியாங். மக்சிக் ரோஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு பிரியாணியில் கவனமானார்.

"அலமாக், மெதுவா பேசு" என்றாள் டோரிஸ்.

"அப்ப பேப்பர் தட்டு ஆகாது மம்மி. பன்னி சாப்பிடுறவங்களுக்குப் பீங்கான். நீங்கதான சொல்வீங்க."

பதிலுக்குக் காத்திருக்காமல் ஒரு பீங்கானை எடுத்து நியாங்கின் கையில் வைத்து, அடுப்படிக்கு அழைத்துப் போனாள். டோரிஸ் வேகவேகமாகப் பின்னால் வந்தாள். ஷர்மைன் கரண்டியை எடுக்கவில்லை, தள்ளி நின்றுகொண்டாள்.

நியாங் தட்டை டோரிஸிடம் நீட்டினாள். டோரிஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டியைத்தான் பார்த்தாள். ஒரு கரண்டி ஊற்றினாள். நிறைந்த தட்டு லேசாகச் சாய, டோரிஸின் இடது கை தானாகப் போய் மறு விளிம்பைப் பிடித்தது.

"சுடும், பாத்து" என்றாள், தமிழில். நியாங் தலையாட்டினாள். இருவரும் தட்டை விடவில்லை.