வெந்நீரக்காவின் ரேகைகள்

குளிர் தொடங்கி மூன்றாவது வாரத்தின் செவ்வாய்க்கிழமை காலை, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் வெந்நீரக்காவின் பத்து விரல் ரேகைகளும் அவளை விட்டு இறங்கிப் போய்விட்டன. முந்தின நாள் மாலை வரை அவை இருந்தன. வருகைப்பதிவு இயந்திரமே அதற்குச் சாட்சி. மறுநாள் காலை ஆறு மணிக்கு வலது கட்டைவிரலை வைத்தபோது இயந்திரம் தன் பெண்குரலில் 'மீண்டும் முயற்சிக்கவும்' என்றது. ஊதிப் பார்த்தாள், மேலங்கியில் துடைத்துப் பார்த்தாள், பதினொரு முறை வைத்துப் பார்த்தாள். பிறகுதான் விரலை விளக்கடியில் பிடித்தாள். கரண்டியின் முதுகு மாதிரி வழவழவென்று இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் முட்டைக்கோஸ் விலை இரண்டு மடங்கானது, பாலத்தடியில் தண்ணீர் இரண்டு நாள் உறைந்து கிடந்தது, வெந்நீரக்காவின் ரேகைகள் போயின. மற்றபடி குறிப்பிடும்படியாக ஒன்றும் நடக்கவில்லை.

வெந்நீரக்கா என்பது சலவைக்கூடம் வைத்த பெயர். அங்கே துணி அலசும் தொட்டியில் தண்ணீர் குளிர்காலத்தில் எலும்பைத் தொடும். பத்துப் படுக்கை விரிப்பு அலசினால் விரல்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு அவர்களே கண்டுபிடித்த வைத்தியம் ஒன்று உண்டு. பக்கத்தில் ஆவி பறக்கும் கொப்பரையில் இரண்டு கையையும் மணிக்கட்டு வரை முக்குவார்கள், 'அப்பாடா' என்பார்கள், இஸ்திரி உருளையிலிருந்து சுடச்சுட இறங்கும் விரிப்பில் கையைச் சுற்றி அழுத்தித் துடைப்பார்கள், திரும்பவும் குளிர்ந்த தண்ணீருக்குப் போவார்கள். எல்லாரும் மணிக்கு ஒரு முறை செய்தால் இவள் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை செய்வாள். தோல் உரிந்தது, விரல் மடிப்புகள் வெடித்தன, புறங்கை சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெளுத்தது. குளிர்காலம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள், அவளும் நினைத்தாள். சும்மா சொல்லக்கூடாது, அந்த ஒரு விஷயத்தில் அந்தக் கூடத்தில் கருத்து வேறுபாடே கிடையாது.

கண்காணிப்பாளர் நல்ல மனிதர், ஆனால் கையில் விதிப்புத்தகம் வைத்திருப்பவர். எதைக் கேட்டாலும் அதைப் புரட்டுவார். வலது கட்டைவிரல்தான் பதிய வேண்டும், வேறு விரல் செல்லாது. ரேகை மாறியிருந்தால் புதிதாகப் பதிந்துகொள்ளலாம். ரேகையே இல்லாதவருக்கு என்ன செய்வது என்று எழுதியிருக்கவில்லை. ஆனால் தொடர்ந்து இருபத்தொரு நாள் பதிவு இல்லையென்றால் பெயரை நீக்க வேண்டும் என்று மட்டும் தெளிவாக எழுதியிருந்தது. "நீ எதிர்ல நிக்கற, எனக்குக் கண்ணு தெரியுதும்மா," என்றார் அவர். "ஆனா மெஷினு நீ வரலைங்குதே. நான் யாரை நம்பறது?" வெந்நீரக்கா பதினொரு வருடம் தினக்கூலியாக இருந்து, போன வருடம்தான் நிரந்தரப் பட்டியலில் ஏறியவள். பட்டியல் ஒட்டிய அன்று அதன் முன்னால் நின்று தன் பெயரை நாலு தடவை படித்துவிட்டு வீட்டுக்குப் போனவள். அந்தப் பெயரைத்தான் இப்போது அடிக்கப் போகிறார்கள். அன்று முழுவதும் அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, ஆனாலும் நூற்று நாற்பது விரிப்பு அலசினாள். இயந்திரக் கணக்கில் அவள் அன்று வரவே இல்லை.

இனி அவள் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கண்ணாடிக்காரர், ஜன்னலுக்கும் கடை முகப்புக்கும் கண்ணாடி பொருத்துவது தொழில். இருபத்தாறு வருடமாகக் கண்ணாடியோடு பழகியதில் அவருக்கு ஒரே ஒரு விரோதி, விரல் ரேகை. எங்கே பார்த்தாலும் துடைத்துவிடுவார். சொந்தக்காரர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனாலும் ஜன்னலைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார். அதற்கென்று பையில் ஒரு மஞ்சள் துணி எப்போதும் இருக்கும். அந்தச் செவ்வாய்க்கிழமை மனைவி வேலைக்குப் போன பிறகு எழுந்தவர், சமையலறை ஜன்னலில் உட்புறம், ஆவி படிந்த இடத்தில், ஒரு கட்டைவிரல் ரேகை அச்சுப் போட்டது போல உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். துடைத்தார். அது கொஞ்சம் ஒட்டிக்கொண்டு அடம்பிடித்தது, வாயால் ஊதி ஒரே இழுப்பில் எடுத்தார். மஞ்சள் துணியைப் பையில் வைத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனார். அங்கே எட்டடி உயரமுள்ள புதுக் கண்ணாடி பொருத்தி, கடைசியாக அதே துணியால் மேலிருந்து கீழ் வரை துடைத்தார்.

மாலையில் மனைவி வந்து விரலைக் காட்டியதும் அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இருவரும் அரக்கப் பரக்க மருந்துக்கடைக்கு ஓடினார்கள். கண்ணாடி முழுக்க, ஒவ்வொரு கோடும் விரல் தடிமனில், அவளுடைய வலது கட்டைவிரல் ரேகை விரிந்து கிடந்தது. நடுவில் சுழி ஒரு தட்டு அகலம் இருந்தது. நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். புதுமாதிரி அலங்காரம் என்று ஒருவர் பாராட்டவும் செய்தார். வெந்நீரக்கா கண்ணாடியில் விரலை வைத்தாள். கோடுகள் லேசாக நடுங்கின, ஆனால் வரவில்லை.

மருந்துக்கடை அம்மா அவள் இரண்டு கையையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனையோ வருடமாக ஊரின் கைகால்களைப் பார்ப்பவர், எதற்கும் பதறமாட்டார். "ஏம்மா, கொதிக்கிற தண்ணி எண்ணெய்ச் சட்டியவே சுத்தமாக்கிடும். உன் கையில இருக்கற பசைய மட்டும் விட்டுவைக்குமா? தரையெல்லாம் வெடிச்சுக் கிடக்குற வீட்டுல யாருதான் குடியிருப்பா? ஈரம் இருக்கற இடமாப் பாத்து ரேகையெல்லாம் போயிடுச்சுங்க," என்றார். கட்டைவிரல் வருமா என்று கண்ணாடிக்காரர் கேட்டார். "மத்ததெல்லாம் வரும். இது எட்டடிக்கு வாழ்ந்து பழகிடுச்சே தம்பி. இனிமே இத்துனூண்டு இடத்துக்கு இறங்கி வருமான்னு எனக்குச் சொல்லத் தெரியல. கைய முதல்ல சரிபண்ணுங்க," என்று ஒரு பெரிய டப்பா களிம்பை எடுத்துக் கொடுத்தார்.

சரிபண்ணும் முறை எளிது, ஆனால் பொறுமை வேண்டும். கொப்பரையில் கை வைக்கக்கூடாது; வெதுவெதுப்பான தண்ணீர் போதும், அதுவும் ஐந்து நிமிடத்துக்கு மேல் கூடாது. நுரை பொங்கும் சோப்பு வேண்டாம். துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். கை முழுதாகக் காய்வதற்குள், அந்த ஈரத்தின் மேலேயே களிம்பைப் பூச வேண்டும். காய்ந்த பிறகு பூசினால் பூட்டிய கதவில் வெண்ணெய் தடவியது மாதிரிதான். அலசும்போது ரப்பர் உறை, அதற்குள் பருத்தி உறை. அறையில் கணப்பு எரிந்தால் பக்கத்தில் ஒரு பாத்திரம் தண்ணீர். உதட்டையும் குதிகாலையும் மறக்கக்கூடாது. சலவைக்கூடத்தில் கூட வேலை பார்த்த நாத்தனார் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "மகாராணிக்குப் பல்லக்கு எப்ப வருது?" என்றாள். ஆனால் மறுநாள் யாருக்கும் தெரியாமல் டப்பாவில் ஒரு விரல் விட்டுத் தன் குதிகாலுக்கும் பூசிக்கொண்டாள்.

மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்து வந்ததும் கண்ணாடிக்காரரே அவள் கைகளை எடுத்துக்கொள்வார். குற்றவாளி அவர்தானே. ஒவ்வொரு விரலுக்கும் ஒற்றுவது, பூசுவது, நகக்கண் வரை நீவுவது. வலது கட்டைவிரலுக்கு மட்டும் தன் வலது கட்டைவிரலால் அரைமணி நேரம் சுற்றிச் சுற்றித் தேய்ப்பார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இருவரும் இவ்வளவு நேரம் கை கோத்து உட்கார்ந்ததில்லை. பேச விஷயம் தீர்ந்துபோய், சின்ன வயதில் விழுந்து அடிபட்டது, முதல் முறை பல் பிடுங்கியது என்று ஆற அமரப் பேசினார்கள். அவளுக்கு வேலை பற்றிய பயம் நெஞ்சில் கல்லாக இருந்தது. இருந்தாலும் ஆறு மணி எப்போது ஆகும் என்றும் இருந்தது. இரண்டும் உண்மை.

ஆறாம் நாள் ஆள்காட்டி விரல் ரேகை குளியலறைக் கண்ணாடியிலிருந்து திரும்பி வந்தது. இம்முறை கண்ணாடிக்காரர் அதைக் கண்டு கையைக் கட்டிக்கொண்டு நின்றார், நெற்றி வியர்த்தது. எட்டாம் நாள் இரண்டு ரேகைகள் பால் பாத்திரத்தின் மூடியிலிருந்து வந்தன. பத்தாம் நாளுக்குள் சோப்புப் பெட்டி, பூந்தொட்டி இலை, தண்ணீர்க் குழாயின் கழுத்து, தண்ணீர்ச் செம்பு எல்லாம் காலியாயின. சுண்டுவிரல் ரேகை எதிர்வீட்டுப் பூனையின் மூக்கில் இருந்தது. பூனை மடியில் ஏறிக் கையை முகர்ந்த அன்று அது வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தையின் கன்னத்தில் இருந்த மோதிர விரல் ரேகைக்குத்தான் மனமே இல்லை. குழந்தை பல் முளைத்து எச்சில் வழிய ஆரம்பித்ததும் அதுவும் வந்தது. ஆக ஒன்பது வந்தாயிற்று. கட்டைவிரல் பட்டுப்போல மிருதுவாக, இளஞ்சிவப்பாக, வெறுமையாக இருந்தது.

பதினைந்து நாள், பதினெட்டு நாள். வெந்நீரக்கா தினமும் மருந்துக்கடை வழியாகப் போய்ப் பார்த்தாள். ரேகை அங்கே வெயில் காய்ந்துகொண்டு சௌக்கியமாக இருந்தது. பத்தொன்பதாம் நாள் மாலை கண்ணாடிக்காரருக்கு அழுகை வந்தது, மறைக்காமல் அழுதார். "பழக்க தோஷம்மா. என் கைய ஒடச்சுப் போடணும்," என்றார். "ஒடச்சுட்டா யாரு பூசுறது? ஒழுங்கா வட்டமாத் தேயிங்க, தோல் இழுக்குது," என்றாள் அவள். பிறகு அவளுக்கும் அழுகை வந்தது. டப்பாவில் களிம்பு அடியைத் தொட்டிருந்தது, வழித்தெடுத்துப் பூசினார்.

இருபதாம் நாள் மாலை நீவிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தி, கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். அவள் கட்டைவிரலில் கோடுகள் இருந்தன. பச்சைக் குழந்தையின் ரேகை மாதிரி மெலிதாக, ஆனால் முழுசாக. இருவரும் விளக்கடியில் பார்த்தார்கள். அவளுடைய பழைய ரேகையில் சுழி நடுவில் இருக்கும். இதில் ஓரமாகச் சாய்ந்திருந்தது. போதாக்குறைக்கு, குறுக்கே ஒரு சின்ன வெட்டுத் தழும்பு. தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம் கண்ணாடி கிழித்த தழும்பு அது, அவருடையது. அவர் தன் விரலைப் பார்த்தார். அவருடையது அவரிடமே பத்திரமாக இருந்தது. தேய்த்துத் தேய்த்து இங்கேயும் பிடித்துவிட்டிருக்கிறது.

இருபத்தொன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு அவள் விரலை வைத்தாள். நாத்தனார் விரிப்பைப் பிழிவதை நிறுத்திவிட்டு நின்றாள். இயந்திரம் கொஞ்சம் யோசித்தது. 'புதிய ரேகை, பதிவு செய்யவும்' என்றது. கண்காணிப்பாளர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது யாரோடதும்மா?"

"என்னோடதுதான் சார். வீட்டுக்காரர் குடுத்தது."

அவர் புத்தகத்தைப் புரட்டினார். திருடியது செல்லாது, பொய்யாகச் செய்தது செல்லாது, இரவல் செல்லாது என்றெல்லாம் இருந்தது. கொடுத்ததைப் பற்றி ஒன்றும் இல்லை. முன்பக்கமிருந்து பின்பக்கம், பின்பக்கமிருந்து முன்பக்கம் தேடினார். அவர் முகத்தில் தெரிந்தது ஏமாற்றமா நிம்மதியா என்று இன்றுவரை கூடத்தில் பேச்சு இருக்கிறது. நிம்மதி என்பதே என் கட்சி. புத்தகத்தை மூடி, பொத்தானை அழுத்தி, அவள் பெயருக்கு எதிரே புது ரேகையைப் பதிந்தார். இயந்திரம் அவள் பெயரைச் சொல்லி வரவேற்றது. அவள் போய் உறையை மாட்டிக்கொண்டு தொட்டியில் கையை இறக்கினாள். நாத்தனார்தான் விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரு மூச்சு அழுதாள்.

அடுத்த குளிருக்குள் கொப்பரைக்குப் பக்கத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் வாளியும், ஆணியில் தொங்கும் களிம்பு டப்பாவும் வந்துவிட்டன. அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் யாருடைய ரேகையும் எங்கேயும் போனதில்லை. மருந்துக்கடை அம்மா கண்ணாடியை மாற்ற மறுத்துவிட்டார். வழி சொல்பவர்கள் 'ரேகைக் கடைக்கு எதிர்த்த சந்து' என்று சொல்லத் தொடங்கிப் பல வருடமாகிறது. மூன்றாம் வருடம் கண்ணாடிக்காரர் வங்கிக்குப் போய் விரலை வைத்தபோது, அங்கிருந்த இயந்திரம் அவரை மனைவியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. அவரும் 'ம்' என்றார். இப்போது இரண்டு பேருடைய வெளி வேலைக்கும், யாருக்கு நேரம் இருக்கிறதோ அவர் போய் விரலை வைத்துவிட்டு வருகிறார். அலுவலகங்களில் இது யாருடைய ரேகை என்று கேட்டால் அவள், "அவரோடதுங்க" என்பாள். அவரைக் கேட்டால், "அவளோடதுங்க" என்பார். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. வரிசையில் அடுத்தவரைக் கூப்பிடுகிறார்கள்.