மூன்றாம் ஓலை

திண்டிவனத்தில் அந்த மிஷன் கல்லூரிக்கு ஒரு விசித்திர வழக்கம். முதல்வராக யாரைத் தேர்ந்தெடுத்தாலும், கிறிஸ்தவக் கல்யாணத்துக்கு முன் ஓலை வாசிப்பது போல மூன்று ஞாயிறு கோயிலில் அவர் பெயரை வாசிப்பார்கள். "தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம்" என்று பாதிரி ஐயர் கேட்பார். மூன்று வாரமும் யாரும் வாயைத் திறக்காவிட்டால் திங்கட்கிழமை நாற்காலி. இத்தனை வருஷத்தில் ஒருவரும் திறந்ததில்லை. இருந்தாலும் இந்த முறை தேர்வான பாக்கியநாதனுக்குச் சோறு இறங்கவில்லை.

கெட்டிக்காரர்தான். கரும்பு வெட்டும் கூலியின் மகன். இதே கல்லூரியில் படித்து, தாவரவியல் நடத்தி, துணை முதல்வர் ஆனவர். பிள்ளைகள் படிப்பை நிறுத்தினால் மேல்மலையனூர் வரை பஸ் ஏறிப் போய்க் கதவைத் தட்டுவார். ஊரே மெச்சியது. ஊர் அறியாத ஒரு சங்கதியும் இருந்தது.

எட்டு வருஷத்துக்கு முன் அவர் தேர்வுக் கண்காணிப்பாளர். தென்னரசு என்ற மாணவனின் பெஞ்சுக்கு அடியில் பிட்டுக் காகிதம் கிடந்தது. பையன் அழுதான்; அவர் நம்பவில்லை. பல்கலைக்கழகத்துக்கு எழுதிப்போட்டார், மூன்று வருஷம் தேர்வெழுதத் தடை. அடுத்த வாரம் பின் பெஞ்சுக்காரன் வந்து, பிட்டு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டான். ஃபைல் மூடியாச்சு, போய்ப் படி என்று அவனை அனுப்பிவிட்டார். அந்த மாதம்தான் துணை முதல்வர் பதவிக்கு அவர் பெயர் அடிபட்டது. பயம், வேறொன்றுமில்லை. தென்னரசு இப்போது விழுப்புரத்தில் ஒரு டயர் கடையில் பஞ்சர் ஒட்டுகிறான்.

முதல் ஞாயிறு யாரோ இருமியதற்கே அவருக்குக் கழுத்து வேர்த்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

இரண்டாம் ஞாயிறு ஐயர் கேட்டு முடித்ததும், பெண்கள் பக்கம் ஒருத்தி எழுந்து நின்றாள். குப்பம்மாள், தென்னரசின் அம்மா. பாக்கியநாதனுக்குக் காது அடைத்துவிட்டது. ஐயர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லீங்க ஐயரே, காலு மரத்துப்போச்சு."

கோயிலே சிரித்தது. அவரும் சிரித்துவைத்தார்.

ஆராதனை முடிந்ததும் அவளே தேடி வந்தாள், ஒரு பை மல்லாட்டையோடு, தோலோடு வேகவைத்த வேர்க்கடலை. வாழ்த்துச் சொல்ல வந்தாளாம்.

"எம்புள்ள திருட்டுத்தனம் பண்ணதுக்கு நீங்க என்னா சார் பண்ணுவீங்க? எட்டு வருஷமா அவங்கிட்ட நான் பேசறதில்லீங்க. கிறிஸ்மஸுக்கு வந்தாலும் சோத்தப் போட்டுட்டு உள்ள போயிடுவேன்."

அந்த மல்லாட்டையில் ஒன்றைக்கூட அவரால் உரிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் ஊசிப்போய் நாற்றமடித்தது. மனைவி எடுத்துக் கொட்டினாள். முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டதற்குப் பிரஷர் என்றார். வாரம் முழுக்க ஒரே கணக்குத்தான் ஓடியது. இந்த ஞாயிறும் கழியட்டும், நாற்காலியில் உட்கார்ந்ததும் தென்னரசைக் கூப்பிட்டு அட்டெண்டர் வேலை போட்டுத் தரலாம். நினைக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அட்டெண்டர் வேலை கொடுத்தால் அம்மா மகனோடு பேசிவிடுவாளா?

மூன்றாம் ஞாயிறு. ஐயர் பெயரை வாசித்தார், தடை கேட்டார். கோயிலில் மின்விசிறிச் சத்தம் மட்டும். இன்னும் ஒரு மூச்சு, முடிந்துவிடும். ஐயர் புத்தகத்தை மூடப் போகையில் முன் பெஞ்சில் பாக்கியநாதன் எழுந்தார்.

"உங்களுக்கும் காலு மரத்துப்போச்சா சார்?" என்று ஐயர் சிரித்தார்.

"இல்லீங்க ஐயரே. தடை இருக்குது." பெண்கள் பக்கம் திரும்பினார். "குப்பம்மா, அந்தப் பிட்டு உங்க புள்ளையோடது இல்லம்மா. எனக்கு அப்பவே தெரியும்."

குப்பம்மாள் எழுந்தாள். அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வாசலில் கிடந்த செருப்பைக்கூட மாட்டாமல், விழுப்புரம் பஸ் நிற்கும் ரோட்டைப் பார்த்து நடந்தாள்.