கட்டைவிரல் பார்த்த நாடி

பெயிண்டரும் அவர் மனைவியும் கல்யாணமான புதிதிலேயே வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். சுவர் அவருக்கு, சீலிங் அவளுக்கு. இடது கைக்காரி, அவள் ரோலர் ஓட்டினால் திட்டுத் தெரியாது. "ஊருக்கெல்லாம் அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்கும், இவளுக்குப் பாக்காட்டிதான் வலிக்கும்" என்று போகிற இடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

அந்தக் கைக்கு யார் கண் பட்டதோ, கொஞ்ச நாளாகத் தூக்கி நாலு இழுப்பு இழுத்தாலே கடுத்தது, கண் இருட்டிக்கொண்டு வந்தது. கையை இறக்கினால் தெளிந்துவிடும். அவர் அவளை உட்காரவைத்து, இடது மணிக்கட்டில் கட்டைவிரலை அழுத்திப் பார்ப்பார்.

"நாடி ஜம்முன்னு ஓடுது. பெயிண்ட் வாடைதான் உனக்கு ஒத்துக்கல."

ஜன்னலையெல்லாம் திறந்தார், அவள் மூக்குக்குத் துணி கட்டினார், வாடையில்லாத பெயிண்டாகத் தேடி வாங்கினார். மயக்கம் போன பாடில்லை. ஒருநாள் அவள் ஏணியிலிருந்து சரிந்து அவர் மேலேயே விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டாக்டரம்மாவுக்கு வலது கையில் நாடி உடனே கிடைத்தது. இடது கையில் தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

"தினம் நான் பாக்குறேனே, நல்லாத்தானே துடிக்குது" என்றார் பெயிண்டர், கொஞ்சம் கோபமாகவே.

"எந்த விரலால பாப்பீங்க?"

கட்டைவிரலைக் காட்டினார்.

"அந்த விரல்லயே துடிப்பு இருக்குங்க. நீங்க பாத்தது உங்க நாடி."

ஸ்கேன் எடுத்த பிறகு டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். "இடது கைக்குப் போற ரத்தக்குழாயோட சுவர் அழற்சியில வீங்கி வழி குறுகிப்போச்சு. கையைத் தூக்கி வேலை செஞ்சா, மூளைக்குப் போற ரத்தத்தைக் கை இழுத்துக்குது. கழுத்துக் குழாய்லயும் வீக்கம் ஆரம்பிச்சிருக்கு. விட்டா பக்கவாதத்துல கொண்டுபோய் விடும். மாத்திரையை ஒருநாள்கூட விடாதீங்க. சீலிங் இப்ப வேண்டாம்."

வீட்டுக்கு வந்ததும் அவர் மாத்திரையையும் தண்ணீரையும் அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, தள்ளிப்போய் உட்கார்ந்தார். தினம் மணிக்கட்டைப் பிடிக்கிற மனுஷன் இன்று பிடிக்கவில்லை. நோயைவிட அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. சீலிங் போனால் போகட்டும். இவர் தன்னைத் தொடவே பயந்தால் எப்படிக் குடித்தனம் நடத்துவது?

எழுந்துபோய் இடது கையை அவர் மடியில் வைத்தாள். "நாடி பாருங்க."

"உன்னோடது அங்க இல்லையேம்மா. என்னோடதைப் பாத்துட்டு உன்னை ஏணி ஏத்திட்டேனே."

"தெரியும். பாருங்க."

தயங்கித் தயங்கிக் கட்டைவிரலை வைத்தார். அவருடைய நாடி அவள் மணிக்கட்டின் மேல் படபடவென்று அடித்தது.

"ரொம்ப வேகமா ஓடுது" என்றாள் அவள். "அடங்குற வரைக்கும் கையை எடுக்காதீங்க."