கூப்பிட்டால் திரும்பாத பெண்

மெலாயாவை எங்கள் பள்ளியின் இரண்டு அறைகள் சேர்ந்து பந்தாடின. நடைவழியின் இந்தக் கோடியில் ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்கான அறை, அந்தக் கோடியில் சிறப்புக் கல்வி அறை. இவளுக்குக் குறை மொழியில் இல்லை, வேறு எதிலோ இருக்கிறது, சிறப்புக் கல்விக்காரர்கள் பார்க்கட்டும் என்று ஆங்கில ஆசிரியை மிஸ் டில்மன் சொல்லி அனுப்புவார். ஆங்கிலமே இன்னும் வரவில்லை, முதலில் அது வரட்டும் என்று அங்கிருந்து பதில் வரும். இப்படியே பெண் மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். எட்டு வயதில் தன் பெயரையும் நாலைந்து சொற்களையும் தவிர எதுவும் படிக்கத் தெரியாது.

நாங்கள் குடியேறிய இந்த ஸ்பிரிங்டேலில் கோழி வெட்டும் ஆலைகள் இருக்கும்வரை மார்ஷல் தீவுக்காரர்களும் இருப்போம். பள்ளிக்கு எங்கள் மொழி தெரிந்த ஒருத்தி தேவைப்பட்டது, என்னை வைத்துக்கொண்டார்கள். பெற்றோரைக் கூட்டிவருவது, கூட்டங்களில் மொழிபெயர்ப்பது, வராத பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டுவது என் வேலை. ஆசிரியர்கள் என்னைத் தீவுக்காரர்களின் ஆள் என்பார்கள், தீவுக்காரர்கள் பள்ளியின் ஆள் என்பார்கள். இரண்டு பக்கமும் திட்டு வாங்கத்தான் சம்பளம்.

மார்ச் மாதம் ஒருவழியாகப் பள்ளி உளவியலாளர் மிஸ்டர் ப்ரூவர் மெலாயாவைச் சோதிக்க ஒப்புக்கொண்டார். நல்ல மனிதர். நாங்கள் புருவத்தை உயர்த்தினால் ஆமாம் என்று அர்த்தம் என்பதைத் தெரிந்து வைத்திருக்கும் ஒருசில வெள்ளைக்காரர்களில் ஒருவர். அவர் கேள்வி கேட்க, நான் மெலாயாவின் பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் மொழியில் சொன்னேன். படங்களை அடுக்கச் சொன்னால் மளமளவென்று அடுக்கினாள். வாயால் கேட்டதற்கெல்லாம் புருவத்தை உயர்த்திவிட்டுச் சும்மா இருந்தாள். மதிப்பெண் தரைமட்டம். அடுத்து வீட்டு விவரம் கேட்க அம்மாவை வரச் சொன்னார்கள். ஹெர்டினா ஆலையிலிருந்து நேராக வந்தாள், ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. பிரசவம் எப்படி, குழந்தையாக இருந்தபோது பெரிய நோய் ஏதும் வந்ததா என்று ப்ரூவர் கேட்டார். எல்லாம் நல்லபடியாக இருந்தது, நோய் நொடி கிடையாது என்றாள்.

ஹெர்டினா மெலாயாவைப் பெற்றவள் இல்லை. பெற்றவள் அவளுடைய தங்கை லிமேயோ. எங்கள் தீவுகளில் ஒன்றான இபையேயில் பிறந்த பெண்ணை நான்கு வயதில் இங்கே அக்காவிடம் கொடுத்துவிட்டு, லிமேயோ வேலைக்காக ஓக்லஹோமா பக்கம் ஈனிட் போய்விட்டாள். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. அம்மாவின் உடன்பிறந்தவளும் எங்களுக்கு அம்மாதான், பெரிய சின்ன என்ற ஒட்டுகூடக் கிடையாது. ஆகவே அம்மா யார் என்று பள்ளி கேட்டபோதெல்லாம் ஹெர்டினா தன் பெயரைச் சொன்னாள். எங்கள் கணக்கில் அது பொய் இல்லை. அம்மாவிடம் கேட்டார்கள், அம்மா பதில் சொன்னாள். எந்த அம்மா என்று கேட்கவேண்டும் என்று அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை முடிவுக் கூட்டம் என்று சொல்லிவிட்டார்கள். முடிவு எனக்கு முன்பே தெரியும். அறிவு வளர்ச்சிக் குறைவு என்று எழுதி, ஊரின் மறுபக்கத்துப் பள்ளியில் இருக்கும் தனி வகுப்புக்கு அனுப்புவார்கள். பல் துலக்குவது, சட்டைப் பொத்தான் போடுவது, பேருந்து ஏறுவது இவற்றைச் சொல்லித்தரும் வகுப்பு அது. அந்த வகுப்பு தேவைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது நல்ல இடம்தான். மெலாயா அதில் உட்காரவேண்டியவள் இல்லை என்று எனக்கு உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனால் ஏன் என்று கேட்டால் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அதற்கு முந்தைய சனிக்கிழமை எங்கள் சபை மண்டபத்தில் ஒரு கெமெம். குழந்தைக்கு ஒரு வயது நிரம்பினால் நாங்கள் ஊரையே கூட்டுவோம், கல்யாணத்துக்குக்கூட அத்தனை பேர் வரமாட்டார்கள். ஈனிட்டிலிருந்து லிமேயோவும் வந்திருந்தாள். சுட்ட கோழி, சோறு, மீன், ஹவாயிலிருந்து யாரோ கொண்டுவந்த ஈரப்பலா என்று தட்டு கனத்தது. சிறுமிகள் வரிசையாக நின்று பாடி ஆடினார்கள். மெலாயா பக்கத்துப் பெண்ணைப் பார்த்துப் பார்த்து, கொஞ்சம் பிந்திப் பிந்தி ஆடினாள்.

பாட்டு முடிந்ததும் லிமேயோ அவளிடம் போனாள். போனவள் பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. தோளைத் தொட்டாள், மோவாயைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள், பிறகுதான் பேசினாள். மெலாயா கடகடவென்று பதில் சொன்னாள். அவள் அத்தனை நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

நான் லிமேயோவைப் பிடித்து ஓரமாக உட்காரவைத்து, ஏன் அப்படி முகத்தைத் திருப்புகிறாய் என்று கேட்டேன்.

"அவ அப்படித்தான்க்கா. அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் மூஞ்சியைக் காட்டித்தான் பேசணும். இல்லேன்னா கண்டுக்கமாட்டா."

"எந்தக் காய்ச்சல்?"

இரண்டு வயதில் வந்ததாம். கழுத்து விறைத்து, கண் செருகி, தலைநகர் மஜுரோ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய், பிழைக்காது என்று பாதிரியாரையே கூப்பிட்டுவிட்டார்களாம். அக்காவிடம் இதைச் சொல்லவில்லையா என்றேன். எதற்குச் சொல்ல, அதுதான் விட்டுப்போச்சே என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை அறைந்திருப்பேன். கையில் தட்டு இருந்தது, தப்பித்தாள்.

லிமேயோ ஞாயிறே கிளம்பவேண்டும், திங்கள் காலை வேலை. ஆகவே நான் நேராக ஹெர்டினாவிடம் போனேன். அவள் விருந்தாளிகள் வீட்டுக்குக் கொண்டுபோகப் பெட்டி பெட்டியாகச் சோறு கட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொல்லி, செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் இதைச் சொல்லியே ஆகவேண்டும் என்றேன். பெட்டியை மூடிக்கொண்டே கேட்டவள், முடித்ததும் கையைத் துடைத்தாள்.

"அத்தனை பேர் முன்னாடி நான் இவளப் பெக்கலன்னு என் வாயால சொல்லச் சொல்றியா?"

வளர்ப்பவளும் பெற்றோர்தான் என்று இங்கே சட்டமே இருக்கிறது, ஒருவரும் பிள்ளையைப் பிடுங்கமாட்டார்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை. நாலு வருஷமாக அம்மா என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், இப்போது பொய்க்காரி ஆகணுமா என்றாள். பிறகு குரலை இறக்கி, அதைவிடப் பெரிய காரணத்தைச் சொன்னாள்.

"அவ ஏற்கெனவே என்னைய அம்மாவா நெனைக்கல, ஆல்மிதா. நான் கூப்பிட்டா திரும்பமாட்டா. எதக் கேட்டாலும் பதில் வராது. இன்னைக்கு லிமேயோகிட்ட எப்படிப் பேசுனா, பாத்தேல்ல? நானும் பாத்தேன். இதுல நானே வேற போய் இவளுக்கு நான் அம்மா இல்லன்னு சொல்லணுமாக்கும்."

காய்ச்சலில் காது போயிருக்கலாம், அதனால்தான் திரும்பவில்லையோ என்னவோ என்றேன். பள்ளியில்தான் காதைச் சோதித்து நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டார்களே என்று ஒரே போடாகப் போட்டாள். சோறு ஆறுகிறது, தள்ளு என்றாள். தள்ளினேன்.

அவள் சொல்லாமல் நானே கூட்டத்தில் சொல்லிவிட முடியாது. மொழிபெயர்ப்பவள் அடுத்தவர் வாயிலிருந்து வராததைப் பேசினால், மறுநாளே எங்கள் ஆட்கள் ஒருவரும் எனக்குக் கதவு திறக்கமாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை ஐந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். மிஸ்டர் ப்ரூவர், மிஸ் டில்மன், தலைமை ஆசிரியை, ஹெர்டினா, நான். ப்ரூவர் ஒவ்வொரு எண்ணாகப் படித்தார், நான் எங்கள் மொழியில் சொல்லிக்கொண்டே வந்தேன். படம் அடுக்குவதில் மட்டும் நன்றாகச் செய்திருக்கிறாள், அது தனக்குக் கொஞ்சம் குழப்பமாக இருக்கிறது என்றும் சொன்னார். தனி வகுப்பைப் பற்றி விளக்கினார்கள். ஹெர்டினா எல்லாவற்றுக்கும் புருவத்தை உயர்த்தினாள். பெரிய மனிதர்கள் பேசும்போது குறுக்கே மறுத்துப் பேசுவது எங்களுக்குப் பழக்கமில்லை. தலைமை ஆசிரியை எழுதி முடித்த தாளையும் பேனாவையும் அவள் முன்னால் நகர்த்தினார்.

அவள் பேனாவை எடுத்தாள். அந்த வகுப்பிலிருந்து பிள்ளைகள் மறுபடி சாதாரண வகுப்புக்கு வருவார்களா என்று என்னிடம் கேட்டாள். நான் ப்ரூவரைக் கேட்டேன். வருவதுண்டு, ஆனால் அதிகம் பேர் வருவதில்லை என்று அவர் உண்மையைச் சொன்னார்.

ஹெர்டினா பேனாவை மேசைமேல் வைத்தாள்.

"இவங்ககிட்டச் சொல்லு. மெலாயாவ நான் பெக்கல. என் தங்கச்சி பெத்தா. ரெண்டு வயசுல காய்ச்சல் வந்து சாகக் கெடந்துச்சாம். அத நான் பாக்கல. பாக்காததனாலதான் அன்னைக்கு நல்லா இருந்தான்னு சொன்னேன்."

தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். நான் ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். ஒருவரும் பொய்க்காரி என்று சொல்லவில்லை. கழுத்து விறைத்ததா என்று ப்ரூவர் கேட்டார், கெமெமில் லிமேயோ சொன்னதையெல்லாம் ஹெர்டினா இப்போது அவரிடம் சொன்னாள். அப்படிப்பட்ட காய்ச்சல் காதைக் கெடுத்துவிடும் என்றார் அவர். பள்ளிக் காதுச் சோதனையில் மெலாயா தேறியிருக்கிறாளே என்று தலைமை ஆசிரியை குறுக்கிட்டார். அப்போது மிஸ் டில்மன் வாய் திறந்தார். அந்தச் சோதனைக்கு வகுப்பை அழைத்துப்போனதே அவர்தானாம். நர்ஸ் மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஒலி எழுப்பும் பொத்தானை அழுத்தினார், மெலாயா கண்கொட்டாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, அவர் எதிர்பார்க்கும்போதெல்லாம் கையைத் தூக்கினாள், எவ்வளவு பணிவான பெண் என்று தான் நினைத்ததாகச் சொன்னார். எங்கள் பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் முகத்தைப் படிக்கத் தெரியும். அது தெரியாமல் எங்கள் வீடுகளில் வளரமுடியாது.

ப்ரூவர் என் பக்கம் திரும்பினார்.

"சோதனை அன்னைக்கு நீங்க அவளுக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தீங்க?"

யோசித்தேன். சுவரோரமாக நாற்காலி போட்டிருந்தார்கள். "இடது பக்கம்" என்றேன். பக்கவாட்டில் இருந்த என் முகத்தை அவள் பார்த்திருக்கவே மாட்டாள்.

அவர் மேசைமேலிருந்த தாள்களை ஒன்றாகச் சேர்த்து, கவிழ்த்து வைத்தார். காதைப் பார்க்காமல் இந்த எண்கள் எதற்கும் அர்த்தமில்லை, இன்று யாரும் எதிலும் கையெழுத்துப் போடவேண்டாம் என்றார். ஹெர்டினா என்னை இடித்து, காதுப் பரிசோதனைக்கு லிமேயோதான் வந்து கையெழுத்துப் போடவேண்டுமா என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன். பெண் உங்கள் வீட்டில்தானே தூங்கி எழுகிறாள் என்று ப்ரூவர் கேட்டார். ஹெர்டினா புருவத்தை உயர்த்தினாள். அப்படியானால் நீங்கள்தான் போடவேண்டும் என்றார்.

மே மாதம் காது ஆஸ்பத்திரியில் சோதித்தார்கள். இம்முறை மெலாயாவைக் கண்ணாடி அறையில், யார் முகமும் தெரியாதபடி உட்காரவைத்தார்கள். இடது காது சுத்தமாகப் போய்விட்டது, வலது காதில் பாதிதான் மிச்சம். வலது காதுக்கு மெஷின் வைக்கலாம் என்றும், வகுப்பில் முன்வரிசை வேண்டும், ஆசிரியர் கழுத்தில் மைக் மாட்டிக்கொள்ளவேண்டும், வாரம் மூன்று நாள் தனியாகச் சொல்லித்தர ஆள் வேண்டும் என்றும் பரிசோதகர் சொன்னார். ஆங்கில வகுப்பும் வேண்டும், சிறப்புக் கல்வியும் வேண்டும், இரண்டும் இதே பள்ளியில். இத்தனை வருஷம் அடித்துக்கொண்ட இரண்டு அறைகளும் இனி ஒரே பெண்ணைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தபோது எனக்கு அல்ப சந்தோஷமாக இருந்தது.

ஏதும் கேட்கவேண்டுமா என்று பரிசோதகர் கேட்டார். மெஷினைத் தினம் கழற்றணுமா, எவ்வளவு நாள் உழைக்கும் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். ஹெர்டினா வேறொன்றைக் கேட்டாள். வீட்டில் பன்னிரண்டு பேர், எப்போதும் சத்தம். பள்ளி விட்டு வரும்போது காரில் மட்டும்தான் அவளும் மெலாயாவும் தனியாக இருப்பார்கள். இங்கே ஓட்டுபவர் இருக்கை இடது பக்கம்; அதில் அவள் இருந்து ஓட்டுவாள், பெண் பின்னால் வலது பக்கம் உட்காருவாள். அப்போது பேசியதெல்லாம் இவளுக்குக் கேட்டிருக்குமா?

பரிசோதகர் கையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார். உங்கள் குரல் முன்பக்கம் போகும், அவளுடைய இடது காதுதான் உங்கள் பக்கம் இருக்கும், வண்டிச் சத்தம் வேறு, உங்கள் முகமும் தெரியாது, ஆகவே ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்காது, மன்னிக்கவும் என்றார். அதை நான் எங்கள் மொழியில் சொன்னேன்.

ஹெர்டினா சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கவில்லை.

"கேக்கலியாம்" என்றாள் என்னிடம். "நாலு வருஷமா நான் பேசுனது எதுவும் அவளுக்குக் கேக்கவே இல்லியாம். பெத்தவள நெனச்சுக்கிட்டு வர்றா, என்னையப் புடிக்கல, அதான் பேசமாட்டேங்கறான்னு இருந்தேன். அவளுக்குக் கேக்கல, அவ்வளவுதான்."

மெலாயாவின் வலது பக்கமாகத் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அம்மா ஏன் அழுகிறார், ஏதாவது புரியவில்லையா, மறுபடி விளக்கட்டுமா என்று பரிசோதகர் பதறிப்போய் என்னைக் கேட்டார். எல்லாம் நன்றாகப் புரிந்துவிட்டது என்று நான் மொழிபெயர்த்தேன்.