யாக்கோப்பு அண்ணையின் வரவும் டிலோனின் கசெற்றும்

முன்வரிசையில் வலப்பக்க மூலைக் கதிரையில் பஸ்ரியாம்பிள்ளைச் சித்தப்பா, மணப்பெண் நிமலினியின் தகப்பன். அவருக்குப் பக்கத்தில் யாக்கோப்பு அண்ணை. கோயில் கூத்துகளில் ராசா வேடம் கட்டுகிறவர். நிமலினியும் மாப்பிள்ளையும் சோடித்த மேசைக்குப் பின்னால். ஒலிபெருக்கிக்காரன் றெக்ஷன் பந்தலின் இடப்பக்கம், ஜெனரேற்றரின் இரைச்சலுக்குத் தள்ளி. அவனருகே நான். மற்றச் சனமெல்லாம் சாப்பாடு வரும் பக்கமாக முகத்தைத் திருப்பி இருந்தது.

இப்படி ஒழுங்காக எழுதி அனுப்பச் சொன்னவன் நிமலினியின் தமையன் டிலோன். பிரான்சில் இருக்கிறான், விசாச் சிக்கலால் 2003 ஆவணியில் நடந்த தங்கையின் கலியாணத்துக்கு வர முடியவில்லை. தனக்குப் பதிலாக ஒரு கசெற்றை அனுப்பியிருந்தான். அதில் ஒரேயொரு பாட்டு. அது ஒரு காலத்தில் அமெரிக்காவில் ஆடாத கால்களையும் ஆடவைத்த பாட்டாம். சிக்காகோவில் அதைப் போட்ட பெடியள் ஒரே இசைத்தட்டில் இரண்டு வாங்கி, பாடுகிறவளை ஒதுக்கிவிட்டு, மெசினின் மேள அடியை மட்டும் மாறி மாறி நீட்டினார்களாம். அந்த நீட்டலில் இருந்துதான் ‘ஹவுஸ்’ என்ற இசை வளர்ந்தது என்று எழுதியிருந்தான்.

சாப்பாட்டுக்கடை வேலையை விட்டுவிட்டு அந்த இசையைத்தான் அவன் இப்போது மண்டபங்களில் போடுகிறான். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து சித்தப்பா அவனோடு கதைப்பதில்லை. “பாட்டுப் போடுறதும் ஒரு வேலையோ?” என்பார். தொலைபேசியில் அவன் வந்தால் மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போய்விடுவார்.

“அக்கா, அப்பா காலைக் கொஞ்சம் ஆட்டினாலும் எழுதுங்கோ. பொய் மட்டும் எழுதாதேங்கோ” என்று டிலோன் கேட்டிருந்தான்.

றெக்ஷன் கசெற்றைப் போட்டான். வெறும் அடி. டும், டும், டும். பாட்டைக் காணவில்லை.

“என்ன தம்பி, இன்னும் மைக் ரெஸ்ற் பண்ணுறீரோ?” என்றது சாப்பாட்டுப் பக்கம்.

ஆனால் எங்கள் கூத்தில் பாட்டுக்கு முன்னால் வெறும் மத்தளம் கேட்டால் அதற்கு ஒரேயொரு பொருள்தான்: ராசா சபைக்கு வருகிறார். யாக்கோப்பு அண்ணை சால்வையை உதறிக்கொண்டு எழும்பினார். பந்தலின் நடுவே வந்து, நெஞ்சை நிமிர்த்தி, ராசாவின் வரவு ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார். சனம் சோற்றை மறந்து திரும்பியது.

அவர் இரண்டு சுற்று வருவதற்குள் பாடகி பாடத் தொடங்கினாள். அண்ணை ஒற்றைக் காலில் அப்படியே நின்றார்.

“ஆரடா இந்தப் பொம்பிளை? ராசா இன்னும் சபைக்கு வந்து முடியேல்லை!”

“பொறுங்கோ அண்ணை, அவவைப் பிடிச்சு இருத்துறன்” என்றான் றெக்ஷன். கசெற் சிக்கிவிடுமோ என்ற பயத்தில் எதற்கும் ஒரு பிரதி அடித்து வைத்திருப்பது அவன் வழக்கம். பாட்டுப் போடும் மற்றச் செற்றில் அதைப் போட்டான். மறுபடியும் வெறும் அடி. அது முடிவதற்குள் முதல் கசெற்றைப் பின்னுக்குச் சுற்றி அதைப் போட்டான். சிக்காகோவுக்கும் எங்கள் கரம்பொனுக்கும் இருந்த தூரம் இரண்டு செற்றுகளுக்கு இடையிலான தூரமாகிவிட்டது. ராசாவுக்குப் பின்னால் கூத்து மந்திரிமார் சேர்ந்தார்கள்; பிறகு பெண்டுகள்; பிறகு மாப்பிள்ளை. நிமலினி சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

சித்தப்பா எழும்பவில்லை. ஆனால் கதிரைக் கையில் அவருடைய விரல்கள் ஓடின. கூத்துக்கு மத்தளம் அடித்தவர் அவர். யாக்கோப்பு அண்ணையின் கதிரை காலியாக இருந்தது; நான் போய் அதில் இருந்தேன்.

“இந்த மத்தளகாரன் களைக்கிறானில்லையே, பிள்ளை?”

“அது மெசின், சித்தப்பா.”

“அதுதானே பார்த்தன். யாக்கோப்பு ஆடி முடிக்குமட்டும் அடிச்சு என்ர கை எத்தினை தரம் வீங்கினது! நிப்பாட்டினா மேடையில நிண்டே முறைப்பான்.” விரல்களை நிறுத்தாமலே கேட்டார்: “அப்ப இவன் அங்கை செய்யிறதும் இதுதானோ? ஆடுறவை களைக்குமட்டும் அடியை விடாமப் பிடிக்கிறது?”

“ஓம்.”

“ஒழுங்காச் செய்யிறானோ?”

“சனம் நிறைய வருதாம்.”

“சனம் வரும். அடி பிசகாமப் பிடிக்கிறானோ எண்டு கேக்கிறன்.”

அடுத்த நாள் நான் கடிதம் எழுத இருந்தபோது, கூப்பிடாமலே வந்து பக்கத்தில் கதிரை போட்டார். ஆர் எங்கே இருந்தது என்பதிலிருந்து வரிசையாக வாசித்துக் காட்டினேன்.

“நான் விரல் ஆட்டினதை வெட்டு.”

“பொய் எழுதக்கூடாது எண்டு சொன்னவன், சித்தப்பா.”

“அப்ப, கதிரையில தூசி தட்டினவர் எண்டு எழுது.”

இரண்டையும் எழுதினேன். அதன்கீழ் அவர் சொன்னதையும் சொன்னபடியே எழுதினேன்: “இடைக்கிடை அடியைக் கொஞ்சம் தணிக்கப் பழகு. இல்லாட்டி ஆடுறவனுக்கு மூச்சு வாங்க இடமில்லை. அடுத்த முறை அந்தப் பொம்பிளையைக் கொஞ்சம் பிந்தி வரச் சொல்லு.”

உறையின் முதுகில் அனுப்புபவர் பெயரை எப்போதும் நான்தான் எழுதுவேன். அன்று பேனையை வாங்கி, அவரே எழுத்தெழுத்தாக எழுதினார்: ம. பஸ்ரியாம்பிள்ளை, கரம்பொன். மை காயுமட்டும் ஊதினார். பசை தடவி ஒட்டி, மூலைகளை விரலால் தட்டித் தட்டி அமர்த்தினார்.

“நான் போட்டுவிடுறன், சித்தப்பா.”

“நீ ஆறுதலாத்தான் போவாய்” என்று சைக்கிளை எடுத்து, ஊர்காவற்றுறைத் தபாற்கந்தோர் பூட்டுமுன் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.