கிரில்லுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு

ஸ்கூல் வேன் ஓட்டும் அக்கா, ஹார்ன் மக்கர் செய்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டுப் போனாள். பத்து நிமிட வேலைதான். ஆனால் எல்லோரும் ஃபியூஸ் என்று கூப்பிடும் அந்த எலக்ட்ரீஷியன் சாயங்காலம்வரை வண்டியை விடவில்லை. முன்பம்பரைக் கழற்றினான். கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மறைக்காமல், முழ நீளத்துக்கு ஒரு மஞ்சள் விளக்குப் பட்டையை உட்கார வைத்தான். கிரில் இடுக்குகளுக்கு நேராக வெளிச்சம் விழ வேண்டுமே என்று நான்கு தடவை ஏற்றி இறக்கினான். பம்பரை மாட்டித் தள்ளி நின்று பார்த்தால், சத்தியமாக ஒன்றும் தெரியவில்லை.

இந்தத் திருட்டு வேலைக்குக் காரணம் இருக்கிறது. போன மாதம் காலைப் பனியில், குவாரி வளைவில் ஒரு லாரி விளக்கே இல்லாமல் நின்றிருந்தது. பதினோரு பிள்ளைகளோடு போன அக்கா, ஒரு சாண் இடைவெளியில் வேனை நிறுத்தினாள். அந்தப் பதினொன்றில் ஒன்று ஃபியூஸின் மகள். "லாரி பின்னாடி இருந்த ஆணியக்கூட எண்ணினேன்ப்பா" என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அன்றே இவன் அக்காவிடம் நன்றி சொல்ல ஓடினான். "என் வேலையத்தானே பாத்தேன்? போய் உன் பொழப்பப் பாரு" என்று விரட்டிவிட்டாள். ஒரு டம்ளர் காபிகூட யாரிடமும் சும்மா வாங்காத பிறவி அவள். பனி விளக்கு என்று வாயைத் திறந்திருந்தால் வண்டியையே விட்டிருக்க மாட்டாள். சுவிட்ச் வைத்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்று, தூரத்துக்கு அடிக்கும் ஹைபீமைப் போட்டால் தானாக எரியும்படி வயரை இணைத்திருந்தான்.

ஒரு வாரம் கழித்து, மாலையில் மகளை இறக்கிவிட வந்தவளிடம் மெல்லக் கேட்டான்.

"இப்பப் பனியில ரோடு தெரியுதாக்கா?"

"எங்க தெரியுது? நாலடிக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமில்ல."

"ஹைபீம் போட வேண்டியதுதானே?"

"மூளையக் கழட்டி வெச்சிட்டியா தம்பி? பனியில ஹைபீம் போட்டா வெளிச்சம் திரும்பி நம்ம மூஞ்சியிலதான் அடிக்கும். நான் அதத் தொடவே மாட்டேன்."

ஃபியூஸுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பதினைந்து வருடமாக வண்டிகளுக்கு விளக்கு மாட்டுகிறவன்தான். ஆனால் பனி விலகியபின் பட்டறையைத் திறக்கிறவனுக்குப் பனியைப் பற்றி என்ன தெரியும்? ஒரு வாரமாக அந்த விளக்கு ஒரு முறைகூட எரியவில்லை. பிள்ளைகள் அதே வளைவை அதே நாலடிப் பார்வையில்தான் தாண்டியிருக்கிறார்கள். இனி மறைத்துப் பயனில்லை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

அக்கா குனிந்து கிரில்லுக்குள் பார்த்தாள்.

"கழட்டிடு."

"அக்கா, அது உங்களுக்கில்ல. உள்ள உக்காந்திருக்கிறதுங்களுக்கு. அன்னிக்கு நீங்க மட்டும் பிரேக் போடலேன்னா..."

அவள் நிமிர்ந்தாள். பிறகு சாவியை அவன் கையில் வைத்தாள். "அந்த ஒரு சாண நெனச்சு இன்னும் ராத்திரியில எழுந்து உக்காந்துக்கிறேன் தம்பி. யார்கிட்டயும் சொன்னதில்ல. சுவிட்ச என் கைக்கு எட்டுற எடத்துல வை. நல்லா இரு."

மறுநாள் காலை மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். தெருவே தெரியாத பனி. முதலில் தரையோரமாக மஞ்சள் மஞ்சளாகக் கோடுகள் வந்தன, அப்புறம்தான் வேன் வந்தது. மகள் ஏறிக்கொண்டாள். ஃபியூஸ் மட்டும் வண்டிக்கு முன்னால் போய், முழங்காலில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்தபடி அசையாமல் நின்றான்.

அக்கா ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"வெளிச்சத்த மறைக்காத தம்பி. புள்ளைங்க போகணும்."

அவன் நகர்ந்தான். மஞ்சள் கோடுகள் அவன் காலை விட்டு ரோட்டில் இறங்கி, தெரு முனைவரை நீண்டன.