முனீஸ்வரிக்காக ஒரு ஜெபம்

ஜெபா என்று பெயரை வைத்துக்கொண்டு ஜெபம் பண்ண வராது என்றால் ஊர் சிரிக்கும். அதனால் இரண்டு வருஷமாக ஜெபா யாரிடமும் மூச்சு விடவில்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனாள், பாடகர் குழுவில் நின்று பாடினாள், மற்றவர்கள் கண்ணை மூடும்போது தானும் மூடினாள். மூடிய கண்ணுக்குள் ஒருவரும் இல்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சபையே கூடி ஜெபித்தது. அப்பா போய்விட்டார். அவளுக்குக் கடவுள்மேல் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கு அங்கே ஆள் வேண்டுமே.

இப்போது அந்த இல்லாத ஆளை வைத்துத்தான் காரியம் ஆக வேண்டியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மிஷன் நடத்துகிற நர்சிங் கல்லூரியில் விசுவாசக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கென்று சில இடங்கள் உண்டு. கிடைத்தால் நர்ஸ். கிடைக்காவிட்டால் ராஜபாளையத்தில் அம்மா வேலை பார்க்கும் பேண்டேஜ் துணி மில்லில், அம்மாவுக்குப் பக்கத்துத் தறி. நேர்முகத்தின் கடைசியில், “ஒரு சின்ன ஜெபம் பண்ணும்மா” என்பார்கள் என்று போன வருஷம் சேர்ந்த பிள்ளை ஒருத்தி சொல்லியிருந்தாள். ஜெபா தங்கள் சபைப் போதகரின் ஜெபத்தை அச்சுப் பிசகாமல் மனப்பாடம் செய்தாள். கள்ளச்சாவி அடிக்கிறவன்கூட அவ்வளவு அக்கறையாக அடித்திருக்கமாட்டான்.

அம்மா பாண்டிசெல்விக்கு அந்த மாதிரி ஜெபமெல்லாம் வராது. கான்சாபுரத்துக்காரி. கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கி, கடைசியில் பரம்பரைக் கிறிஸ்தவர்களைவிட உறுதியாக நின்றுவிட்டவள். வேதாகமத் தமிழ் நாக்கில் ஏறாததால் சபையில் வாயைத் திறக்கவே மாட்டாள். வீட்டிலோ, விடியற்காலை ஷிப்டுக்குக் கிளம்புமுன் அடுப்படியில் நின்று, பக்கத்துத் தறிக்காரியிடம் பேசுவதுபோல் ஆண்டவரிடம் சத்தமாகப் பேசுவாள். ‘ஆரம்பிச்சாச்சு’ என்று ஜெபா போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வாள். தாளிக்கிற சத்தம், பாத்திரம் உருளுகிற சத்தம், அதோடு அம்மாவின் ஜெபச் சத்தம். அதன் அர்த்தத்தை அவள் ஒரு நாளும் காதில் வாங்கியதில்லை.

நேர்முக அறையில் ஒரு வயதான போதகரும் கல்லூரி முதல்வர் அம்மாவும் இருந்தார்கள். பாண்டிசெல்வியையும் உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார்கள். மதிப்பெண் பிரமாதம் என்றார் முதல்வர். பிறகு போதகர் சிரித்துக்கொண்டே, “பேரே ஜெபா. எங்களுக்காக ஒரு சின்ன ஜெபம் பண்ணும்மா” என்றார்.

ஜெபா கண்ணை மூடினாள். “பரிசுத்தமும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரலோகப் பிதாவே, இந்த நல்ல வேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம். தகுதியற்ற எங்களை...”

அதோடு நின்றுவிட்டது. அடுத்த வார்த்தையைக் காணோம். காற்றாடியின் கிறீச்சொலி மட்டும் கேட்டது. ஏதாவது சொல்லியாக வேண்டும். வாய் தானாகத் திறந்தது. காது வழியாக உள்ளே போய் வருஷக்கணக்காகத் தங்கிக் கிடந்தது வெளியே வந்தது.

“ஆண்டவரே, இன்னைக்கும் எந்திரிக்க வச்சீரு, சந்தோசம். எங்க வீட்டு அடுப்பு அணையாமப் பாத்துக்கிடும். எம் மகளுக்கு ஒரு நல்ல வழியக் காட்டும். அவ மனசுல நீரு இல்ல, எனக்குத் தெரியும். வாய் மட்டுந்தான் அசையுது. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா பிள்ள குறுகிப்போவா. அதனால நான் கேக்க மாட்டேன். நீரும் கேக்காதேயும். அவ சொல்லுத பொய்க்கெல்லாம் என்னையக் கேளும்...”

தான் சொல்வதை ஜெபா அப்போதுதான் காதால் கேட்டாள். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். கோயிலில் பக்கத்தில் நின்று பாட்டுப் புத்தகத்தை நீட்டும்போதெல்லாம் தெரிந்தேதான் நீட்டியிருக்கிறாள். ஜெபாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. நடுத்தெருவில் சேலை அவிழ்ந்து நின்றால்கூட இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

போதகர் கண்ணைத் திறந்தார். “எம் மகளுக்குன்னு சொன்னியேம்மா. அது யாரு?”

ஜெபா வாயைத் திறக்குமுன் அம்மா எழுந்துவிட்டாள். “அது எஞ் ஜெபம்யா. அடுப்படியில நான் பண்ணுதது. கேட்டுக் கேட்டுப் பிள்ளைக்கு வாயில வந்துட்டு. எம் மூத்த மகளுக்காகப் பண்ணுததுய்யா.”

ஜெபாவுக்கு மூத்தவளும் கிடையாது, இளையவளும் கிடையாது. ரேஷன் கார்டில் இரண்டே பேர். ஷிப்டுக்குப் பிந்திப் போனால் காய்ச்சல், பஸ் வரவில்லை என்று ஆளுக்கொன்று சொல்லித் தப்பிக்கிற மில்லில், “தூங்கிட்டேன் சார்” என்று நின்று திட்டு வாங்குகிறவள் அம்மா.

“மூத்த மக எங்க இருக்கா?”

“திருப்பூர்லய்யா.”

“பேரு?”

அம்மா அதுவரை யோசித்து வைக்கவில்லை. பதறிப்போய், “முனீஸ்வரி” என்றாள். கான்சாபுரத்தில் இருக்கும் சித்தியின் பெயர் அது. போதகரின் புருவம் ஏறியது. “ஞானஸ்நானத்துக்கு முன்ன வச்ச பேருய்யா” என்று அம்மா அவசரமாக ஒட்டுப்போட்டாள். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். பழக்கமில்லாதவளுக்கு மூன்றாவதிலேயே வியர்த்து வழிந்தது.

போதகர் நல்ல மனுஷன். அதுதான் வினையாகப் போயிற்று. குறுக்கு விசாரணை செய்கிறவராக இருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அவரோ உருகிப்போனார். “அந்தப் பிள்ளைக்காக நாம எல்லாரும் ஜெபிப்போம்” என்று எழுந்து நின்றார். முதல்வரும் எழுந்தார்.

“தூரமாய்ப் போன எங்கள் சகோதரி முனீஸ்வரியை நினைத்தருளும் ஆண்டவரே. அவளுக்காக இந்தத் தாய் வடிக்கிற கண்ணீரைப் பாரும்...”

ஜெபா கண்ணைத் திறந்து பார்த்தாள். முதல்வர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அம்மா கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். கன்னத்தில் உண்மையாகவே கண்ணீர் வழிந்தது. உதடு தனியாக எதையோ முணுமுணுத்தது. ‘முனீஸ்வரி நான்தான்.’ ஜெபா சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை. சொல்லிவிட்டால் தீர்ந்தது. சொன்னால் இத்தனை பேர் முன்னால் அம்மா பொய்க்காரி ஆகிவிடுவாள் என்று ஜெபா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அம்மாவை நினைத்து அவள் வாயை மூடவில்லை, அந்த நர்சிங் இடத்தை நினைத்துத்தான் மூடினாள் என்பது அவளுக்கே தெரியும்.

“ஆமென்” என்றாள், எல்லோரையும்விட உரக்க.

“அக்காவுக்காக இம்புட்டு பாரப்படுத பிள்ளை நமக்கு வேணும்” என்றார் போதகர். திங்கட்கிழமையே வந்து சேரச் சொன்னார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா ஓயாமல் பேசினாள். விடுதிக்கு ஒரு வாளி, ஒரு போர்வை, எண்ணெய்க்கு மூடி இறுகின டப்பா. கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவில்லை. ராஜபாளையம் மில் புகைபோக்கிகள் தெரியத் தொடங்கின. ஜெபாவுக்குத் தாங்கவில்லை.

“அம்மா, என்னைய ஏதாச்சும் கேளும்மா.”

“என்னத்தக் கேக்க?”

“ஏன் இப்படி ஆனேன்னு கேளு. ரெண்டு அடி வேணும்னாலும் போடு.”

“கேக்க மாட்டேன்னு சொல்லிருக்கேன்லா ஏட்டி.”

“யார்ட்ட சொன்ன?”

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று ஜெபாவுக்கு உறைத்தது. அம்மா திரும்பி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“நாளைக்குக் காலையில அடுப்படியில அவரு மூஞ்சியில எப்படி முழிப்பேன்னுதான் தெரியல.”